சபரில் இருந்து கொடுக்கும் ‘பவர்’: எந்த வேலைக்கோ அந்த வேலைக்கு மட்டும்



வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள், ஊரில் உள்ள சொத்துக்காகவும் வழக்குக்காகவும் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் ‘பவர்’ பத்திரத்தைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம், பணக் கஷ்டத்துக்கு அடுத்தபடியாக நாம் அதிகம் பார்ப்பது இந்தப் பத்திரத்தால் வந்த கஷ்டத்தைத்தான். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் என்று நம் கரையோரம் முழுக்கச் சபராளிகளின் வீடுகள். முன்பு கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று போனார்கள். இப்போது துபாய், ரியாத், ஜித்தா, தோஹா, கோலாலம்பூர், புருணை. ஊரில் ஒரு பட்டா மாற்ற வேண்டும், ஒரு பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் கம்பெனியில் லீவு கிடைப்பதில்லை. உடனே காக்காவுக்கோ மச்சானுக்கோ பவர் எழுதி அனுப்புகிறார்கள். அனுப்பும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரும்பாலோர் படித்துப் பார்ப்பதில்லை.

நம் தமிழில் ‘வக்கீல்’ என்றும் ‘வக்காலத்து’ என்றும் தினமும் சொல்கிறோம். இரண்டும் அரபியின் ‘வகீல்’, ‘வகாலத்’ என்ற சொற்கள்தான். கோர்ட்டு வழியாகத் தமிழுக்கு வந்து, இப்போது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. தன்னால் செய்யக்கூடிய ஒரு காரியத்தைத் தன் இடத்தில் நின்று செய்யும்படி இன்னொருவரிடம் ஒப்படைப்பதே வகாலத். ஃபிக்ஹு நூல்களில் இதற்கென்று தனிப் பாடமே உண்டு. கடல் கடந்த வகாலத்துக்கு நமக்குள்ள மிக உயர்ந்த முன்மாதிரி, அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் நிகாஹ். அவர்கள் ஹிஜ்ரத் செய்து அபிசீனியாவில் இருந்தபோது கணவரை இழந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்து அம்ர் பின் உமய்யா (ரலி) அவர்களை நஜாஷி மன்னரிடம் அனுப்பினார்கள். உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் தம் தரப்புக்குக் காலித் பின் ஸஈத் (ரலி) அவர்களை வகீலாக நியமித்தார்கள். நிகாஹ் அங்கேயே நடந்தது. மஹரை நஜாஷி மன்னரே கொடுத்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தப் பொறுப்பு எவ்வளவு தெளிவாக இருந்தது என்பது. யார், யாருக்காக, எந்த ஒரு காரியத்துக்காக என்பதில் ஒரு மயக்கமும் இல்லை.

இன்னொரு சம்பவம் புகாரியில் இருக்கிறது. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கி வரும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதில் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் தீனாரையும் கொண்டு வந்து சேர்த்தார். அவருக்கு பரக்கத் கிடைக்க நபியவர்கள் துஆ செய்தார்கள். தன் சாமர்த்தியத்தால் கிடைத்த லாபத்தைக்கூட வகீல் தன் பையில் போடவில்லை. வகீலின் கையில் இருப்பது அமானிதம். நம் கரையோரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், வகீல் அந்தப் பொருளைத் தனக்கே விற்றுக்கொள்ளக் கூடாது. பொறுப்புக் கொடுத்தவர் தனியாக அனுமதிக்காதவரை சந்தை மதிப்புக்கு வெகுவாகக் குறைத்தும் விற்கக் கூடாது, கடனுக்கும் விற்கக் கூடாது.

நாட்டின் சட்டமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் பற்றிய பகுதியைப் படித்தால், மதரஸாவில் ஓதிய பாடத்தையே மறுபடி படிப்பது போல இருக்கும். முதலாளி கேட்கும்போது முகவர் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213ஆம் பிரிவு. அனுமதியில்லாமல் முகவர் தனக்கே அந்த வியாபாரத்தை முடித்துக்கொண்டால், அதை ரத்து செய்ய வழி தருகிறது 215ஆம் பிரிவு. தனக்குக் கொடுத்த வேலையை முகவர் தன் இஷ்டத்துக்கு வேறொருவரிடம் தள்ளிவிட முடியாது என்கிறது 190. இதோடு 1882ஆம் ஆண்டின் பவர் ஆஃப் அட்டார்னி சட்டமும், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் சேர்ந்தவைதான் நாம் பேசும் ‘பவர்’.

ஆனால் சட்டம் ஒரு விஷயத்தில் நம்மைக் காப்பாற்றாது. நாம் எதை எழுதிக் கொடுத்தோமோ, அதை அது நம்பும்.

சில வருடங்களுக்கு முன் நம் கவனத்துக்கு வந்த ஒரு குடும்பம். பிள்ளை சவூதியில் டிரைவர். வாப்பா மௌத்தான பிறகு வீட்டின் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றவும், சுற்றுச்சுவர் கட்ட அனுமதி வாங்கவும் நெருங்கிய உறவினர் ஒருவருக்குப் பவர் அனுப்பினார். பத்திரம் எழுதியவரிடம் ஏற்கெனவே தயாராக இருந்த நகலில் பேரும் சர்வே நம்பரும் மட்டும் மாற்றப்பட்டன. அதில் விற்க, அடமானம் வைக்க, கடன் வாங்க, தானம் கொடுக்க, வழக்குப் போட, சமரசம் செய்ய என்று இரண்டு பக்கத்துக்கு அதிகாரங்கள். பட்டாவும் மாறியது, சுவரும் எழும்பியது. பவர் மட்டும் ரத்து செய்யப்படாமல் அந்த உறவினரின் பீரோவிலேயே கிடந்தது. அவர் கெட்டவர் அல்ல. ஐந்து வேளை பள்ளிக்கு வருபவர். கடையில் நஷ்டம் வந்தது. ஆறு மாதத்தில் மீட்டுவிடலாம் என்று நினைத்து அந்த வீட்டை அடமானம் வைத்தார். ஆறு மாதம் இரண்டு வருடமானது. வீட்டில் இருந்தது பிள்ளையின் உம்மாவும், கல்யாணமாகாத தங்கையும். வட்டிக்காரர் வந்து வாசலில் நின்ற பிறகுதான் சவூதிக்குச் செய்தி போனது. ஜமாஅத் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, கடன் கொடுத்தவர் கொஞ்சம் விட்டுக் கொடுத்து, பிள்ளையின் மூன்று வருடச் சம்பாத்தியத்தில் அந்த வீடு மீண்டது. போலீஸுக்குப் போயிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. பத்திரத்தில் அடமான அதிகாரம் பிள்ளையின் கையெழுத்தோடு இருந்தது.

அதனால்தான் ‘பொதுப் பவர்’ என்ற சொல்லைக் கேட்டாலே நாம் தயங்கும்படி சொல்கிறோம். பட்டா மாறுதலுக்கு என்றால், அதற்கு மட்டும் எழுதுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட என்றால், அந்தச் சொத்து, அந்தப் பத்திரம் என்று குறிப்பிடுங்கள். விற்பதற்கே என்றாலும் குறைந்தபட்ச விலையை எழுதுங்கள். பணம் உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கே நேராக வர வேண்டும் என்று எழுதுங்கள். ‘இந்தத் தேதி வரை’ என்று ஒரு கெடு வையுங்கள். விற்க, அடமானம் வைக்க, தானம் செய்ய அதிகாரம் இல்லை என்றால், இல்லை என்றே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. ‘என்ன, என்மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று உறவினர் கோபித்துக்கொள்ளலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது என்று அவரிடம் சொல்லுங்கள்; சூரா பகராவின் 282ஆம் வசனத்தை அவரே எடுத்து ஓதிப் பார்க்கட்டும்.

இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. கிரயப் பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வை அதிகம் என்று, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வாங்குபவருக்கே பவர் எழுதிக் கொடுக்கும் பழக்கம். இப்படிப் பவரை வைத்துச் சொத்துரிமை மாறாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்குபவருக்குச் சொத்து வராது. விற்றவருக்கோ தன் பேரில் உள்ள சொத்தின்மீது கையில்லாமல் போகும். அதோடு, முகவருக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை உண்டு என்ற முறையில் கொடுத்த பவரை, ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவின்படி நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. ‘முன்பணம் பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒரு வரி பவர் பத்திரத்தில் நுழைந்தால் பின்னால் எவ்வளவு பெரிய வழக்காகும் என்பதற்கு இது போதும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் முறை இது. முதலில், எந்த வாசகம் வேண்டும் என்பதை ஊரில் ஒரு வக்கீலிடம் எழுதி வாங்கி, வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ வரவழைத்துப் படியுங்கள். சொத்து விவரத்தில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, அளவு, நான்கு எல்லை, எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உட்பட்டது என்பதெல்லாம் தாய்ப்பத்திரத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். பேர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பத்திரத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்பது நம்மவர்களிடம் சகஜம். முகமது, முஹம்மது, மொஹமட் மூன்றும் ஒருவரே என்று பவரிலேயே எழுதிவிட்டால் பின்னால் அலைச்சல் குறையும். அச்செடுத்த தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியத் தூதரகத்தில் அல்லது துணைத் தூதரகத்தில், அதிகாரியின் முன்னிலையில்தான் போட வேண்டும். பாஸ்போர்ட், போட்டோ, சாட்சிகள் இரண்டு பேர், அவர்களின் அடையாளம், எல்லாம் வேண்டும். பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வெளிநாட்டில் வசிப்பவர் கொடுக்கும் பவரை அங்குள்ள நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி ஆகியோர் சான்றளிக்கலாம் என்கிறது. இவற்றில் தூதரகம்தான் குழப்பமில்லாத வழி. 1948ஆம் ஆண்டின் சட்டப்படி, தூதரக அதிகாரியின் முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாளை, அதற்கு மேல் அத்தாட்சி கேட்காமலே நம் நீதிமன்றங்கள் ஏற்கின்றன.

அசல் கூரியரில் ஊருக்கு வந்து சேர்ந்ததும் பலர் அதைப் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். அதுதான் தவறு. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம், 18ஆம் பிரிவு. இதற்கு இராமநாதபுரம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு முகவர் போக வேண்டும். ‘அட்ஜுடிகேஷன்’ என்று அங்கே சொல்வார்கள். வந்து சேர்ந்த தேதிக்குச் சான்று கூரியர் உறைதான். அதைக் கிழித்து எறிந்துவிட வேண்டாம். முத்திரை வைக்காத பவரைச் சார்பதிவாளரும் ஏற்கமாட்டார், கோர்ட்டிலும் தண்டம் கட்டாமல் எடுபடாது.

லீவில் ஊருக்கு வரும்போதே, சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போனால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் ஒதுக்குகிற நாட்களில் அரை நாளை இதற்கு ஒதுக்கலாம்.

ஊரில் நடக்கும் வழக்குக்காகப் பவர் கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பவர் வாங்கியவர் உங்களுக்காக வழக்குப் போடலாம், வக்கீலை அமர்த்தலாம், வாய்தாவுக்குப் போகலாம். ஆனால் உங்களுக்கு மட்டுமே நேரில் தெரிந்த விஷயத்தை உங்களுக்குப் பதிலாகக் கூண்டில் ஏறி அவர் சாட்சி சொல்ல முடியாது. ஜானகி வாஸ்தேவ் போஜ்வானி வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். ‘பணத்தை நான்தான் கையில் கொடுத்தேன்’ என்பதை நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும். இதைத் தெரியாமல் பவர் ஆளை மட்டும் நம்பி, சாட்சியம் இல்லாமல் தோற்ற வழக்குகள் உண்டு.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண்மக்களுக்குத்தான் போகிறது. ஆகவே சபரில் இருக்கும் கணவர், ‘என் வீட்டுக்கு’ என்று பவர் எழுதும்போது, பல சமயம் அது அவருடைய வீடே அல்ல. மனைவியின் வீட்டுக்குப் பவர் கொடுக்க வேண்டியவர் மனைவிதான். மணமான பெண் தானே பவர் எழுதிக் கொடுக்கலாம் என்பதை 1882ஆம் ஆண்டின் சட்டமே 5ஆம் பிரிவில் சொல்கிறது. கணவரின் கையெழுத்து தேவையில்லை. உடல்நிலை சரியில்லாதவர்கள், கோர்ட்டுக்கு நேரில் வருவதிலிருந்து சட்டம் விலக்களித்த பெண்கள் ஆகியோர் பதிவு அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பதிவாளர் வீட்டுக்கு வந்து விசாரிக்கப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு வசதி இருந்தும், ‘லாத்தா, இதில் ஒரு கைநாட்டு வையுங்கள்’ என்று திண்ணையில் தாள் நீட்டப்படுகிறது. வாப்பாவின் சொத்தில் பெண்மக்களின் ஃபர்ளான பங்கு இப்படித்தான் காணாமல் போகிறது. பத்திரத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்குபவர் யாராக இருந்தாலும், சொந்த அண்ணனாக இருந்தாலும், கொடுக்க வேண்டாம் என்று நம் பெண்களுக்குச் சொல்கிறோம்.

கணவரை இழந்த தாய்மார்கள், சிறு பிள்ளைகளின் பங்குக்கும் சேர்த்துப் பவர் எழுதிக் கொடுப்பது இன்னொரு சிக்கல். முஸ்லிம் சட்டப்படி தாய் பிள்ளைகளை வளர்ப்பவர். ஆனால் நீதிமன்றம் நியமிக்காதவரை அவர்களின் நிலத்துக்கும் வீட்டுக்கும் சட்டப்படியான காப்பாளர் அல்ல. 1918ஆம் ஆண்டின் இமாம்பந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. தாயே விற்க முடியாததை, தாய் கொடுத்த பவரை வைத்து இன்னொருவர் எப்படி விற்பது? வாங்குபவரின் பணமும் போகும், யத்தீம்களின் சொத்தும் வழக்கில் மாட்டும்.

இனி எதிர்த்திசை. ஊரில் இருப்பவர்கள் வெளிநாட்டில் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் வேளை பெரும்பாலும் துக்கமான வேளை. சபரில் ஒருவர் மௌத்தாகிவிட்டால், ஜனாஸாவை அங்கேயே அடக்கம் செய்யவோ, ஊருக்கு அனுப்பவோ குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் கேட்பார்கள். அது ஒரு தாள். அவருக்கு வர வேண்டிய சம்பள பாக்கி, பணிக்கொடை, விபத்து என்றால் நஷ்டஈடு ஆகியவற்றை வாங்க அதிகாரம் கொடுப்பது வேறொரு தாள். அழுகையின் நடுவில் இரண்டையும் ஒரே தாளில் எழுதி, முதலில் கண்ணில் பட்ட நண்பரின் பேரைப் போட்டு அனுப்பிவிட வேண்டாம். அடக்கத்துக்கான பொறுப்பை அங்கிருக்கும் நண்பருக்கோ உறவினருக்கோ கொடுக்கலாம். பணத்துக்கான அதிகாரத்தை இந்தியத் தூதரகத்தின் பேரிலேயே கொடுக்க வழி இருக்கும்போது, அதைத்தான் நாம் சிபாரிசு செய்வோம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லா வாரிசுகளும், இறந்தவரின் தாயார் உட்பட, அதில் கையெழுத்திட வேண்டும். மனைவி மட்டும் போட்டு அனுப்பி, பிறகு தாயாரின் பங்கு எங்கே என்று பள்ளிவாசலில் பஞ்சாயத்து நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தத் தாள் அங்கே செல்லுபடியாக, நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வேண்டும். ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு என்றால் ‘அப்போஸ்டில்’ முத்திரையோடு முடியும். இந்தியா 2005இலிருந்து இதில் இருக்கிறது. ஓமனும் பஹ்ரைனும் இருக்கின்றன. சவூதி 2022இல் சேர்ந்தது. சேராத நாட்டுக்கு என்றால், இங்குள்ள அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். அரபு நாட்டுக் கோர்ட்டுக்குப் போகும் தாளுக்கு, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் அரபி மொழிபெயர்ப்பும் தேவை. நம் மதரஸா உஸ்தாது எழுதிக் கொடுத்தால் அரபி சரியாக இருக்கும், அதிகாரிதான் ஏற்கமாட்டார். சவூதியில் இருப்பவர்கள் அங்குள்ள நண்பருக்கு வகாலா கொடுப்பது இப்போது ‘நாஜிஸ்’ இணையதளத்தில் கைபேசியிலேயே முடிகிறது. பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் டிக் செய்யாதீர்கள்; ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

இராமேஸ்வரம், பாம்பன் பக்கத்து விசைப்படகுக்காரர்களுக்கு இந்த ‘வெளிநாடு’ கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இலங்கை 2018இல் தன் வெளிநாட்டுப் படகுச் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு, பிடிபட்ட மீனவர்கள் விடுதலையாகி வந்தாலும் படகு வருவதில்லை. ஊர்காவற்றுறை, மன்னார் நீதிமன்றங்கள் தேதி குறித்து, படகின் உரிமையாளர் ஆவணங்களோடு ஆஜராக வேண்டும் என்கின்றன. ஆஜராகாவிட்டால் படகு அந்நாட்டு அரசுடைமை. படகு கைமாறியும் பதிவுச் சான்றில் பழைய பேரே இருந்தால், பணம் போட்டவர் அங்கே உரிமையாளர் இல்லை. அவர் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் முடியாது. பேர் மாற்றத்தைப் படகு வாங்கிய வாரத்திலேயே மீன்வளத் துறையில் முடித்துவிட வேண்டும். அங்கே ஒருவரைத் தம் சார்பில் நிறுத்துவதானால், படகின் எண்ணும் வழக்கின் எண்ணும் குறிப்பிட்டு, அந்நாட்டு வக்கீல் சொல்லும் வாசகத்தில்தான் எழுத வேண்டும். அவர்களுக்கு இதற்கென்று 1902ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. நம் ஊர் நகல் அங்கே உதவாது.

கடைசியாக, பவர் முடியும் விதம். கொடுத்தவர் மௌத்தானால் அந்த நிமிடமே பவரும் முடிந்தது. புத்தி சுவாதீனம் தவறினாலும் அப்படியே. மார்க்கத்திலும் இதே சட்டம்தான். அதன் பிறகு சொத்து வாரிசுகளுடையது. முகவர் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. பவர் ஆள் கிரயம் பதியப் போகும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைத் தமிழ்நாட்டுப் பதிவுத் துறை கேட்பது இதனால்தான்.

வேலை முடிந்துவிட்டால் உயிரோடு இருக்கும்போதே ரத்து செய்யுங்கள். ‘இனி அது வேண்டாம் காக்கா’ என்று போனில் சொன்னால் போதாது. ரத்துப் பத்திரம் எழுதி, முன்பு சொன்னபடியே தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே பவர் பதிவான அலுவலகத்திலேயே பதிவு செய்ய வேண்டும். முகவருக்குத் தபாலில் எழுத்துமூலம் தெரிவித்து, அது சேர்ந்ததற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் 208ஆம் பிரிவின்படி, ரத்து என்பது முகவருக்குத் தெரிந்த பிறகுதான் அவரைக் கட்டுப்படுத்தும். வெளியாருக்குத் தெரிந்த பிறகுதான் வெளியாரைக் கட்டுப்படுத்தும். வங்கி, வாடகைதாரர், பக்கத்து மனைக்காரர், ஜமாஅத் அலுவலகம் ஆகியோருக்கும் ஒரு நகல் அனுப்பி, தமிழ் நாளிதழ் ஒன்றில் அறிவிப்பும் கொடுத்துவிட்டு, அசல் பவரை முகவரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, இடைப்பட்ட காலத்தில் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.